முதல் தட்டடவுக்கு முன்: எங்கே வலித்தால் என்ன செய்வது

விஜயதசமியன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் தட்சிணையும் வைத்துக்கொண்டு பரதநாட்டிய வகுப்பில் சேர வருகிறவர்களில் இப்போது பெரியவர்களும் இருக்கிறார்கள். காட்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரியிலிருந்தும் வேலூரில் எங்கள் வகுப்புக்கு வருகிற செவிலியர்கள், பள்ளி ஆசிரியைகள், பிள்ளையை விட வந்து தாங்களும் சேர்ந்துகொண்ட தாய்மார்கள் எல்லோரும் சிறு வயதில் வாய்க்காத ஒன்றை முப்பதிலும் நாற்பதிலும் தேடி வந்தவர்கள். தை பிறப்பதற்குள் இவர்களில் சிலர் நின்றுவிடுகிறார்கள். முட்டி வலி, குதிகால் வலி, இடுப்புப் பிடிப்பு என்று ஏதோ ஒரு காரணம். ஆசை அப்படியே இருக்க உடம்பு மட்டும் தடுத்துவிடுவதைப் பார்ப்பது எனக்கு ஆறாத வருத்தம். அந்த வலிகளில் பெரும்பாலானவை வராமலே தடுக்கக்கூடியவை.

விஜயதசமி புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும். ஆவணியிலேயே உடம்பைப் பழக்கத் தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரம் கிடைக்கும். அது போதும். ஏற்கெனவே சேர்ந்து வலியோடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் வலி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டிகளை இரு பக்கமும் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டியில் கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டில் நடக்க வேண்டிய வேலை. இடுப்பு தராத திருப்பத்தைப் பாதத்தை முறுக்கி வாங்கினால், இடையில் இருக்கிற முட்டிதான் அதற்கு விலை கொடுக்கும். கீழே வருகிற பல வலிகளுக்கு வேர் இந்த ஒரே தவறுதான்.

எந்த வலிக்கு அன்றே நிறுத்த வேண்டும்

முட்டி வீங்கிச் சூடாக இருப்பது, மடக்கிய முட்டியை நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்வது, நின்றுகொண்டிருக்கும்போதே கால் தளர்ந்து மடிவது, படுத்திருக்கும்போதும் விடாத எலும்பு வலி, முதுகிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்கும் வலி அல்லது மரத்துப்போதல், ஆடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ரயில் ஏறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் நம் ஊர். இங்கேயே இருந்துகொண்டு தைலம் தேய்த்து நாள் கடத்துவது நியாயமே இல்லை.

சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், பிரசவமாகி ஓராண்டு ஆகாதவர்களும் சேருவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். நடனம் வெறுங்காலில் ஆடுவது. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அடிபட்டதுகூடத் தெரியாது. அவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

அரைமண்டியில் உட்கார்ந்தால் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது

அடிக்கடி கேட்கிற புகார் இது. கண்ணாடி முன்னால் உங்கள் வழக்கமான அரைமண்டியில் நில்லுங்கள். முட்டிச் சில்லு எந்த விரலுக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது விரலுக்கு நேராக இருந்தால் சரி. கட்டை விரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்திருந்தால், உங்கள் பாதம் தொடையைவிட அதிகமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

உங்கள் இடுப்பு எவ்வளவு தருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாயில் குப்புறப் படுத்து ஒரு முட்டியை மடக்கி, பாதத்தை மேலே நோக்கி வையுங்கள். இடுப்பெலும்பு பாயை விட்டு எழாமல், அந்தக் காலை மற்றக் காலுக்கு மேலாக உள்பக்கம் சாய விடுங்கள். கால் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுதான் அந்த இடுப்பு வெளியே திரும்பும் அளவு. நாற்பது, நாற்பத்தைந்து பாகை சாய்ந்தால் நல்ல இடுப்பு. இருபத்தைந்தோடு நின்றால் உங்கள் அரைமண்டி இப்போதைக்கு அதற்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும். இதில் ஒரு பங்கு தசை, பழக்கினால் இளகும். மறு பங்கு எலும்பின் அமைப்பு. சின்ன வயதில் முட்டிகளைச் சேர்த்துக் கால்களை இரு பக்கமும் மடித்துச் சுலபமாக உட்கார்ந்தவர்களுக்குத் தொடையெலும்பு உள்ளே திரும்பும் அளவு கூடுதலாகவும் வெளியே திரும்பும் அளவு குறைவாகவும் இருப்பது வழக்கம். எந்த எண்ணெயும் அதை மாற்றாது. அதனால் நடனம் வராது என்பதும் இல்லை.

சரிசெய்ய, முதலில் பாதங்களின் கோணத்தைக் குறையுங்கள். முட்டி விரலுக்கு நேராக வரும்வரை பாதத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு அங்குலம் மேலே எழுந்து நில்லுங்கள். பார்க்க அழகு குறைவாகத் தெரியும். தெரியட்டும். முதுகைச் சுவரில் சாய்த்து அந்த அளவான அரைமண்டியில் இருபது விநாடி இருங்கள். வலியில்லாமல் இருக்க முடிந்தால் சில நாளுக்கு ஒருமுறை ஐந்து விநாடி கூட்டி, ஒரு நிமிடம்வரை கொண்டுபோகலாம்.

இடுப்பைத் திருப்புகிற தசைகளுக்கு இரண்டு பயிற்சிகள் போதும். ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடியே இருக்க மேல் முட்டியை மட்டும் மெல்லத் திறந்து மூடுவது ஒன்று. பக்கத்துக்குப் பன்னிரண்டு முறை. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பின்தசையை இறுக்கி இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது மற்றொன்று. தொடையின் உள்பக்கம் இளக, உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து உட்கார்ந்து முட்டிகளைத் தன் எடையிலேயே இறங்க விடுங்கள். கையால் அழுத்த வேண்டாம்.

அடுத்தவர் அழுத்துவதும் வேண்டாம். பின்னால் நின்றுகொண்டு தொடையை மிதித்தோ அழுத்தியோ கீழே இறக்குவது சில இடங்களில் இன்னமும் நடக்கிறது. "இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் அம்மா" என்று வாயால் சொல்வது வேறு. உடம்பின் மேல் எடையைப் போடுவது வேறு. முன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள், பின்னதை மறுத்துவிடுங்கள்.

முட்டிக்குப் பலம் சேர்க்கிறேன் என்று மலைக்கோயில் படி ஏறுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வலி இல்லாதவர்களுக்கு ஏறுவது நல்ல பயிற்சிதான். ஏற்கெனவே முட்டிச் சில்லில் வலி இருக்கிறவர்களுக்கு இறங்குவது ஆகாது. படி இறங்கும்போது உடம்பின் எடை முழுவதும் மடங்கிய ஒற்றை முட்டியில் இறங்கி, சில்லைத் தொடையெலும்போடு அழுத்துகிறது. சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். நரசிம்மரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதம் ரோப் காரில் போய் வாருங்கள்.

அரைமண்டியில் குதிகால் தரையை விட்டு எழுகிறது

இது கணுக்காலின் இறுக்கம். சுவரைப் பார்த்து நின்று, கட்டை விரலுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடம் விடுங்கள். குதிகாலை எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. நாள் முழுவதும் குதி உயர்ந்த செருப்பில் நிற்கிறவர்களுக்கும், தரையில் குந்தி உட்காருவதையே விட்டுவிட்டவர்களுக்கும் இது சகஜம்.

சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் பதித்து முப்பது விநாடி. பிறகு அதே நிலையில் பின் முட்டியைச் சற்று மடக்கி இன்னும் முப்பது விநாடி. இரண்டும் வெவ்வேறு தசைகளுக்கு. முட்டி மடங்கிய நிலையில் நடனம் ஆடுவதால் இரண்டாவதைத் தவற விடக்கூடாது. காலையிலும் மாலையிலும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். முழுதாகக் கீழே உட்காருகிற முழுமண்டியில் குதிகால் எழுவது இயல்பே, அதைக் குறையாக எண்ணி வருந்த வேண்டாம்.

இடுப்புக்கு மேலே, கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது

பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு உட்காருகிறீர்கள். இடுப்பு திரும்பாதபோது உடம்பு கண்டுபிடிக்கிற இன்னொரு குறுக்கு வழி இது. சுவரில் சாய்ந்து அரைமண்டியில் இருந்துகொண்டு, கீழ்முதுகுக்கும் சுவருக்கும் இடையே கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மட்டும் நுழைந்தால் சரி. முஷ்டியே நுழைந்தால் வளைவு அதிகம். வால் எலும்பைத் தரை நோக்கி இறக்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முதுகை முற்றிலும் தட்டையாக்க வேண்டியதில்லை. முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக வைத்திருக்கும் பயிற்சியை இருபது விநாடியில் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்று சொன்ன பிறகே இதைச் செய்ய வேண்டும்.

குதிகால் வலி, உள்ளங்கால் எரிச்சல்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகாலில் முள் குத்துவது போல வலித்து, நாலு அடி நடந்ததும் குறைகிறதா? குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஓடுகிற தடித்த நார்ப்பட்டை நைந்துபோயிருக்கலாம். உள்ளங்காலால் தரையைத் தட்டுகிற முதல் அடவான தட்டடவைத் தொடங்கியவர்களுக்கு வருகிற வலிகளில் இது முக்கியமானது. இதற்கு மூன்று இடங்களில் காரணம் தேட வேண்டும்: தரை, தட்டு, பாதம்.

தரையிலிருந்து தொடங்குவோம். வடஆற்காட்டுக் கிராமங்களில் கூத்துக் கலைஞர்கள் தோளிலும் மார்பிலும் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு, இரவெல்லாம் சுழன்று ஆடுகிறார்கள். அவர்கள் காலடியில் இருப்பது மண். மண் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். நம் வீட்டுக் கடப்பைக் கல்லும் மொசைக்கும் டைல்ஸும் அப்படிக் கொடுப்பதில்லை. அடித்த அடி முழுவதும் காலுக்கே திரும்பி வருகிறது. அதற்காக யோகா விரிப்பின் மேல் தட்டாதீர்கள். ரப்பரில் பாதம் ஒட்டிக்கொண்டு முட்டி திருகும். கோரைப்பாய் வழுக்கும். அவை படுத்துச் செய்கிற பயிற்சிகளுக்கு மட்டும். முடிந்தவர்கள், கடையில் கிடைக்கிற தடித்த பிளைவுட் பலகை ஒன்றை மெல்லிய ஃபோம் தாளின் மேல் நகராதபடி போட்டுக்கொள்ளலாம். முடியாதவர்கள் வீட்டில் ஓசையில்லாமல் அடவைப் பழகி, தட்டுவதை வகுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தரையும் கான்கிரீட்தான்.

அடுத்தது தட்டு. ஓங்கி மிதித்தால்தான் சத்தம் வரும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால் மிதமான அடியிலேயே நல்ல சத்தம் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு 'தையா தை' சொல்லித் தட்டிக் கேளுங்கள். ஒரே 'தப்' என்று விழுந்தால் சரியான தட்டு. 'டக்' என்று ஒன்றும் அதை ஒட்டி மெல்லிய 'தப்' என்று ஒன்றுமாக இரட்டைச் சத்தம் கேட்டால் குதிகால் முந்துகிறது. அப்போது குதிகாலெலும்பு தனியாக அடி வாங்குகிறது. எங்கள் வகுப்பில் இரவுப் பணி முடித்து வருகிற செவிலியர் ஒருவருக்கு இந்த இரட்டைச் சத்தம்தான் இருந்தது. மெதுவான முதல் காலத்தில் சரியாகவே தட்டுவார். வேகம் கூடியதும் குதிகால் முந்திவிடும். வேகத்தைக் குறைத்து, சத்தம் ஒன்றாகும்வரை முதல் காலத்தையே தட்ட வைத்தேன். வேகமான இரண்டாம் காலத்துக்கு அவர் போனது அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் ஒரு நாளுக்குக் காலுக்கு ஐம்பது தட்டு போதும் என்பது என் கணக்கு. வலி இல்லையென்றால் வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டலாம்.

மூன்றாவது பாதம். குளித்துவிட்டு வரும்போது ஈரக் காலோடு கடப்பைக் கல்லில் ஒரு அடி வைத்து, உடனே குனிந்து சுவட்டைப் பாருங்கள். வெயில் நாளில் ஓரத்திலிருந்து உலரத் தொடங்கிவிடும். குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே உள்பக்கம் வளைந்து குறுகியிருந்தால் பாதவளைவு இருக்கிறது. செங்கல் மாதிரி நிறைந்திருந்தால் பாதம் தட்டை. அரைமண்டியில் பாதத்தை வலிந்து திருப்புகிறவர்களுக்கு நல்ல வளைவும் உள்ளே சரிந்துவிடும். நின்றபடி ஒரு அடி, அரைமண்டியில் ஒரு அடி என்று இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

தட்டைப் பாதம் நடனத்துக்குத் தடையில்லை, பலம் மட்டும் வேண்டும். தரையில் பழைய துண்டை விரித்து, கால்விரல்களாலேயே சுருட்டி உங்கள் பக்கம் இழுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு இரண்டு குதிகால்களையும் மெல்லத் தூக்கி, அதைவிட மெல்ல இறக்குங்கள்; பதினைந்து முறை. பழகிய பிறகு ஒற்றைக் காலில் செய்யலாம். ஏற்கெனவே வலி இருந்தால், கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள். மாலையில், ஃபிரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழ் வைத்து உருட்டினால் இதமாக இருக்கும். வலி குறையும்வரை வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்வது நல்லது.

முன்கால் எலும்பின் உள் ஓரம் வலிக்கிறது

ஓய்வு இல்லாமல் தட்டைக் கூட்டியதன் விளைவு. ஒரு வாரம் தட்டாமல் கை முத்திரை, தாளம், கண் பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள். எலும்பு ஓரம் நெடுக வலிப்பது வேறு. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்து, நாளுக்கு நாள் கூடுவது வேறு. இரண்டாவது வகை வலி என்றால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதோடு ஆடக்கூடாது, மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது

முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. பகல் முழுவதும் காய்ந்த கட்டடம் இரவு எட்டு மணிக்கும் அனல் விடும். அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், வகுப்புக்கு முன்னும் பின்னும் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடியுங்கள்.

அடுத்தது வயிறு. வெறும் காபியோடு வருகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கண் இருட்டுகிறது. சாப்பாடு என்றால் இரண்டு மணி நேரம் முன்பு. நேரம் இல்லையென்றால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு தம்ளர் கேழ்வரகுக் கூழ்.

இரண்டும் சரியாக இருந்தும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் இரத்தச் சோகையா என்று பார்க்க வேண்டும். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச் சோகை. நம் பெண்கள் இதை 'உடம்பு வாகு' என்று ஒதுக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையை மருத்துவர் சொல்லிச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேருவது குறையும்.

இவை எதுவும் இல்லை, வெறுமனே பழக்கமில்லாத மூச்சு என்றால் மருந்து நடைதான். கோட்டை அகழிக்குப் பக்கத்தில் காலையில் நடக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்.

கை இறங்கிவிடுகிறது

தோளை உயர்த்திக் கையைத் தாங்குவதால் கழுத்து சோர்ந்துபோகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளை நாட்டியாரம்ப நிலையில், அதாவது தோள் உயரத்தில் இரு பக்கமும் நீட்டி, தோளைக் காதிலிருந்து இறக்குங்கள். முழங்கை மணிக்கட்டைவிடத் தாழாமல் முப்பது விநாடி. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மறுநாள் படி இறங்க முடியவில்லை

தொடையின் முன்பக்கம் இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி நோவெடுத்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறைந்தால் பயப்பட வேண்டாம். பழகாத தசை பழகுகிறது. முழுதாகப் படுத்துவிடாமல் மெல்ல நடங்கள், அடுத்த பயிற்சியை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு காலில் மட்டும் வலி, மூட்டுக்குள் வலி, ஒரு வாரம் தாண்டியும் குறையாத வலி இதில் சேராது.

முதல் நாள் டீச்சரிடம் சொல்ல வேண்டியவை

பழைய எலும்பு முறிவு, வண்டியிலிருந்து விழுந்த காயம், அறுவைச் சிகிச்சை, சாப்பிடுகிற மாத்திரை, குப்புறப் படுத்துப் பார்த்த இடுப்பின் அளவு எல்லாவற்றையும் தட்டிக்கழிக்காமல் சொல்லுங்கள். அரைமண்டி எவ்வளவு இறங்க வேண்டும், குதிகால்களை ஒட்ட வைப்பதா நான்கு விரல் இடம் விடுவதா என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு உண்டு. உங்கள் உடம்பைத் தெரிந்துகொண்டால் அவர் அதற்கேற்பத் தொடங்குவார். சலங்கையை இப்போதே வாங்க வேண்டாம். அடவுகள் கைவந்த பிறகு, முதன்முதலாகச் சலங்கை கட்டுகிற சலங்கை பூஜைக்கு எது, எத்தனை மணி என்று அவரே சொல்வார். முதல் நாளுக்குத் தேவை கணுக்கால் தெரிகிற அளவுக்கு ஒரு பருத்திப் பைஜாமா, அதன் மேல் சுடிதார், இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு துப்பட்டா, ஒரு பாட்டில் தண்ணீர்.